எம்.இ. சேர என்ன வேண்டும்? சோளிங்கரிலிருந்து ஒரு பதில்

பி.இ. ட்ரிபிள் ஈ கடைசி வருடத்தில் இருப்பவர்களும், முடித்துவிட்டு வேலை தேடுபவர்களும், பிள்ளையை மேலே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எம்.இ. சேர என்ன வேண்டும்? பதிலும் வழக்கமாக ஒரே மாதிரி வரும். கேட் எழுது, இல்லாவிட்டால் சீட்டா எழுது, 50 சதவீதம் வைத்திரு, கவுன்சிலிங்குக்குப் போ. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இது கல்லூரி வாசலைத் தாண்டுவதற்கான பதில் மட்டுமே. அந்தப் பட்டத்தை உண்மையாகவே சம்பாதிக்க என்ன வேண்டும் என்று கேட்டால், நான் இரண்டு விஷயங்களைச் சொல்வேன். ஆறு மாதமாவது மண்டையைக் குடையக்கூடிய ஒரு சொந்தக் கேள்வி வேண்டும். அந்தக் கேள்வியைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்குக் கணக்கு வேண்டும். சோளிங்கரிலும் அதைச் சுற்றியுள்ள தோல் தொழில் ஊர்களிலும் வளர்ந்த ஒரு மாணவருக்கு முதலாவது வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. அதைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வாசல் விதிகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு முன்பு டான்செட் இருந்தது. 2023 முதல் பொறியியல் மேற்படிப்புக்கு சீட்டா பி.ஜி. என்று தனித் தேர்வு வந்துவிட்டது. டான்செட் இப்போது எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்குத்தான். கவுன்சிலிங்கில் கேட் மதிப்பெண் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, அடுத்து சீட்டா எழுதியவர்கள். பி.இ.யில் 50 சதவீதம் இருக்க வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. பிளஸ் டூ முடித்து நான்கு வருடம் படித்தவருக்கும், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருடம் படித்தவருக்கும் இதில் வேறுபாடு கிடையாது. டிப்ளமோ படித்தவன் மேலே போக முடியாது என்று நம் பக்கம் இன்னமும் சொல்லக் கேட்கலாம், அது உண்மையில்லை. கேட் தேர்வு மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். ஒருமுறை வாங்கிய மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கும் அதுதான், பொதுத்துறை நிறுவனங்கள் சில ஆளெடுக்கவும் அதைத்தான் பார்க்கின்றன.

சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசுவதில்லை. அண்ணா பல்கலைக்கழக வழியில் முழுநேர எம்.இ. நான்கு செமஸ்டர். பவர் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ், கன்ட்ரோல் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், ஹை வோல்டேஜ் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் மொத்த கிரெடிட் எழுபதைச் சுற்றித்தான் வரும். அதில் மூன்றாம் செமஸ்டரில் தொடங்கும் ப்ராஜெக்டின் முதல் கட்டத்துக்கு 6 கிரெடிட், கடைசி செமஸ்டரில் இரண்டாம் கட்டத்துக்கு 12. ஆக 18 கிரெடிட், ஏறக்குறைய மொத்தத்தில் கால் பங்கு. ஜெர்மனியில் இரண்டு வருட மாஸ்டர்ஸுக்கு 120 கிரெடிட் என்றால், ஆறு மாத ஆய்வேட்டுக்கு வழக்கமாக 30. அங்கும் கால் பங்குதான். இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு கல்வி முறைகள் ஒரே விகிதத்தில் வந்து நிற்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. பாடங்களை பி.இ.யிலும் படிக்கலாம், வீட்டில் உட்கார்ந்து என்பிடெல் பார்த்தும் படிக்கலாம். விடை எழுதப்படாத ஒரு கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது மாஸ்டர்ஸில்தான் நடக்க வேண்டும்.

நடக்கிறதா என்று பார்த்தால், பல இடங்களில் இல்லை. வேலூரிலும் சென்னையிலும் 'ஐஇஇஇ டைட்டில்' என்று போர்டு வைத்த ப்ராஜெக்ட் சென்டர்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. போன வருடம் வெளிவந்த கட்டுரைகளின் தலைப்புகள் பட்டியலாக அங்கே தொங்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் சிமுலிங்க் மாடல், ரிப்போர்ட், வைவாவுக்கு எதிர்பார்க்கும் கேள்விகள் வரை எல்லாம் கையில் வரும். கால் பங்கு பட்டத்தை இப்படிக் காசு கொடுத்து வாங்கிய மாணவரிடம் வேலைக்கான இன்டர்வியூவில் "இந்தக் கன்வெர்ட்டருக்கு ஏன் இந்த இண்டக்டர் மதிப்பு?" என்று கேட்டால் பதில் வராது. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் செமஸ்டரிலிருந்தே அவரிடம் ஒரு கேள்வி இல்லை, கேள்வியைத் தேடச் சொல்ல ஆளும் இல்லை. மூன்றாம் செமஸ்டர் வந்ததும் ஏதாவது ஒரு தலைப்பு வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. அந்த அவசரத்தில்தான் ப்ராஜெக்ட் சென்டர்கள் பிழைக்கின்றன.

கேள்வி என்று எதைச் சொல்கிறேன்? நம் ஊரிலேயே ஒன்றைப் பார்ப்போம். பிரேக்ஸ் இந்தியாவின் ஃபவுண்டரி சோளிங்கரில் பல ஆண்டுகளாக இயங்குவதால் ஃபவுண்டரி என்ற சொல் இங்கே யாருக்கும் புதிதில்லை. எந்த ஒரு குறிப்பிட்ட ஆலையையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. இரும்பை மின்சாரத்தால் உருக்கும் எல்லா இடத்துக்கும், பெரிய டிரைவ் வைத்த தோல் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலையில் பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போனால் மின்வாரியம் கூடுதல் கட்டணம் போடும். அதற்காகக் கபாசிட்டர் பேனல் வைக்கிறார்கள். அதே ஆலையில் இண்டக்ஷன் ஃபர்னஸும் மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டியும் ஏசியை டிசியாக்கும்போது, 50 ஹெர்ட்ஸோடு நிற்காமல் அதன் மடங்குகளான 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மானிக் மின்னோட்டத்தையும் கலந்து விடுகின்றன. ஆயிரம் கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், அதன் இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஷார்ட் சர்க்யூட் அளவு 20,000 கேவிஏ. அதன் கீழே 400 கேவிஏஆர் கபாசிட்டர் போட்டால், 20,000ஐ 400ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 7.07. அதாவது இரண்டும் சேர்ந்து ஒத்ததிரும் இடம் 354 ஹெர்ட்ஸ். ஃபர்னஸ் விடும் ஏழாவது ஹார்மானிக் 350. கிட்டத்தட்ட அதன் தலைமேலேயே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்! கபாசிட்டர் உப்பும், ஃபியூஸ் போகும், பேனல் சூடேறும்.

இதே கோளாறை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்ப்பார்கள். பேனலைக் கவனிக்கும் எலெக்ட்ரீஷியன் உப்பிய கபாசிட்டரை மாற்றுவார். ஆலை ஓட வேண்டும், அது அவர் கடமை. பி.இ. படித்த மெயின்டெனன்ஸ் இன்ஜினியர் 7 சதவீத டீட்யூண்ட் ரியாக்டர் போடச் சொல்வார். அது ஒத்ததிர்வை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும், ஐந்தாவது ஹார்மானிக்குக் கீழே. பெரும்பாலும் அதுவே போதும். எம்.இ. மாணவர் கேட்க வேண்டியது இதற்கும் அடுத்தது. ஃபர்னஸில் சார்ஜ் போட்டதிலிருந்து உருக்கி ஊற்றும்வரை லோடு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆட்டோமேட்டிக் பேனல் கபாசிட்டரைப் படிப்படியாகச் சேர்க்கும், கழற்றும். ரியாக்டர் இல்லாத பழைய பேனல் என்றால் ஒத்ததிரும் இடம் ஒவ்வொரு படிக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் எந்த நேரத்தில், எந்தப் படியில் ஆபத்து? அதை முன்கூட்டியே கணிக்க முடியுமா? ஆக்டிவ் ஃபில்டர் வைத்தால் எவ்வளவு அளவுக்கு, அதன் விலையை எத்தனை வருடத்தில் மீட்கலாம்? இதற்குப் பதில் எந்த டைட்டில் பட்டியலிலும் இல்லை. அந்த ஆலையில் ஒரு மாதம் பவர் அனலைசர் வைத்துப் பதிவெடுத்தால்தான் கிடைக்கும். இதைச் செய்துவிட்டு வரும் மாணவர் வைவாவுக்கு மாதிரிக் கேள்வித்தாளைத் தேடவேண்டியதில்லை.

இது ஒன்றோடு முடியவில்லை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் தொடர்பாக 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தது இந்தப் பகுதி மக்களுக்குத் தெரியும். அந்தக் கழிவுநீரைக் கையாளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இங்கே எவ்வளவு முக்கியமோ அவ்வளவு மின்சாரத்தையும் தின்பவை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் உள்ள நிலையங்களைப் பாருங்கள். தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர்கள் இரவு பகல் ஓட வேண்டும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை வந்தபின் ஆர்.ஓ. பம்பும் ஆவியாக்கும் கருவியும் சேர்ந்துகொண்டன. புளோயர் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்செலவு 51 சதவீதமாகிவிடும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு, வேகத்தின் மும்மடிப் பெருக்கம். தொட்டியில் அது அப்படியே பலிக்காது. காற்று எப்போதும் நான்கைந்து மீட்டர் தண்ணீரின் அழுத்தத்தை எதிர்த்தே போக வேண்டும். ரூட்ஸ் வகைப் புளோயர் என்றால் மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் குறையும். அப்படியானால் உண்மையான மிச்சம் எவ்வளவு? கரைந்த ஆக்சிஜனை அளந்து வேகத்தைக் கட்டுப்படுத்தினால், குரோமியமும் உப்பும் கலந்த அந்த நீரில் சென்சார் எத்தனை நாள் சரியாகக் காட்டும்? டிரைவ்ஸ் படிப்பவருக்கு ஒரு ஆய்வு, இன்ஸ்ட்ருமென்டேஷன் படிப்பவருக்கு இன்னொன்று.

ஹை வோல்டேஜ் படிப்பவர் ராணிப்பேட்டை பெல் ஆலையை நினைத்துப் பார்க்கலாம். அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுக்கும் எலெக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிபிடேட்டர் அங்கேதான் செய்யப்படுகிறது. பல்லாயிரம் வோல்ட் டிசியில் இயங்கும் கருவி அது. நம் நாட்டு நிலக்கரிச் சாம்பலின் மின்தடை அதிகம் என்பதால் வெளிநாட்டுப் புத்தகச் சூத்திரம் இங்கே திணறும். ரயில் மின்மயத்தில் ஆர்வம் உள்ளவருக்கு அரக்கோணத்தில் எலெக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர் மலை. யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏறிய காலம் போய் 2024இல் ரோப் கார் வந்துவிட்டது. காலையில் ஏறுவோர் கூட்டம், மாலையில் இறங்குவோர் கூட்டம். ஏறும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் போதுமான அளவு கனமானால் மோட்டார் இழுப்பதை விட்டுவிட்டு இழுக்கப்படும், ஜெனரேட்டராக மாறும். அந்த மின்சாரம் எங்கே போகிறது, கரண்ட் போன நொடியில் யார் பிடித்து நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி நான்கு குவாட்ரன்ட் டிரைவ் பாடத்தின் சாரம். பாடத்தைப் படித்த எத்தனை பேர் அந்த மலையடிவாரத்தில் நின்று அதை யோசித்திருப்பார்கள்?

இனி கணக்கு. இதில் ஊர் உதவாது, உழைப்புதான். கேட் எலெக்ட்ரிக்கல் தாளில் இன்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸுக்கு 13 மதிப்பெண்தான், ஆப்டிட்யூடுக்கு 15. ஆகவே பலர் கணக்கை ஓரங்கட்டிவிட்டு மெஷின்ஸையும் பவர் சிஸ்டத்தையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். இது தப்புக் கணக்கு. சிக்னல்ஸ், கன்ட்ரோல், ஃபீல்ட்ஸ் எல்லாம் உள்ளுக்குள் அதே கணக்குத்தான். எம்.இ. முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸ், நிகழ்தகவு, ஆப்டிமைசேஷன் வரும்போது மூச்சு முட்டுவதற்குக் காரணம், பி.இ. முதல் வருடத்தில் எம்-ஒன் பேப்பரைப் பாஸ் பண்ணிவிட்டு மறந்ததுதான். மேலே சொன்ன ஃபர்னஸ் கேள்விக்கு ஃபூரியர் தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. புளோயர் கேள்விக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வேண்டும். என்பிடெல்லில் ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு இரண்டையும் நோட்டுப் போட்டு, கணக்குகளைக் கையால் செய்து முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

"ஆலைக்குள் யார் விடுவார்கள்?" என்பது இதற்கு வரும் முதல் எதிர்க் கேள்வி. நியாயமானதுதான். பாதுகாப்பு, ரகசியம், நேரமில்லை என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. ஆனால் நாம் கேட்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். 'ப்ராஜெக்டுக்கு அனுமதி வேண்டும்' என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு போனால் எந்த மேனேஜருக்கும் அதில் ஆதாயம் தெரியாது. "உங்கள் கபாசிட்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகிறது? ஒரு மாதம் அளந்து காரணத்தை எழுதித் தருகிறேன், ஆலை பெயரை வெளியிட மாட்டேன்" என்று துறைத்தலைவர் கையெழுத்தோடு போனால் நிலைமை வேறு. ஒரு பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இன்னும் பல கதவுகளும் இருக்கின்றன: ரைஸ் மில், குளிர்பதனக் கிடங்கு, மருத்துவமனை ஜெனரேட்டர், கல்லூரியின் சொந்த சோலார் பேனல். உங்கள் கல்லூரிக் கூரையில் இருக்கும் இன்வெர்ட்டரின் மூன்று வருடப் பதிவை இதுவரை யாராவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிடக் கனமானது: எம்.இ. முடித்தாலும் வேலை இல்லை, அது வேலை கிடைக்காதவர்கள் காத்திருக்கும் இடம். இதில் பாதி உண்மை இருக்கிறது. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக எம்.இ. கட்டாயம் என்பதால் ஒரு காலத்தில் பெரும்பாலோர் அதற்காகவே படித்தார்கள். கல்லூரிகள் சுருங்கியபோது அந்தக் கதவும் சுருங்கியது. மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலைக்குப் பி.இ.யே போதும். பிஎச்.டி.க்கும் 2022இன் யுஜிசி விதிப்படி நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆகவே சான்றிதழுக்காக மட்டும் எம்.இ. படிக்க இன்று வலுவான காரணம் இல்லை. என் வாதத்துக்கு இது எதிரானது இல்லை, துணை. காகிதத்தின் மதிப்பு குறையக் குறைய, அதன் பின்னால் இருக்கும் வேலையின் மதிப்புத்தான் மிஞ்சும். பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நம் மாவட்டத்திலேயே டிரைவ்ஸும் பேட்டரியும் பவர் குவாலிட்டியும் தெரிந்தவர்களுக்குத் தேவை வளரப்போகிறது. அங்கே கேட்கப்போவது நீங்கள் எதை அளந்தீர்கள், எதைச் சரிசெய்தீர்கள் என்பதைத்தான்.

பணம் மூன்றாவது. முதல் பட்டதாரி சலுகையில் பி.இ. முடித்த வீட்டில், இன்னும் இரண்டு வருடம் சம்பாதிக்காமல் இருப்பது பெரிய சுமை. இதை லேசாகப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் கேட்டில் தேர்ச்சி பெற்று ஏஐசிடிஇ அங்கீகரித்த முழுநேர இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதத்துக்கு உண்டு. சீட்டாவை மட்டும் நம்பி கேட்டை விட்டுவிடுபவர்கள் இந்தத் தொகையைத்தான் கைவிடுகிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்குப் பகுதிநேர எம்.இ. ஆறு செமஸ்டரில் இருக்கிறது, எல்லாக் கல்லூரியிலும் இல்லாவிட்டாலும். என் பார்வையில் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்தான் இந்தப் பட்டத்துக்கு மிகப் பொருத்தமானவர். மற்றவர்கள் அனுமதி கேட்டு நிற்கும் கேட்டுக்கு உள்ளே அவர் ஏற்கெனவே இருக்கிறார்.

கடைசியாக, அமெரிக்காவில் தீசிஸே எழுதாமல் 30 கிரெடிட் பாடம் மட்டும் படித்து மாஸ்டர்ஸ் வாங்கலாமே, பிறகு ப்ராஜெக்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பார்கள். வாங்கலாம், பலர் வாங்குகிறார்கள். அங்கே அது பெரும்பாலும் தொழிலுக்குள் நுழைய நினைப்பவருக்கான வழி. படிப்பின் நடுவில் இன்டர்ன்ஷிப் அந்தக் குறையை ஓரளவு நிரப்புகிறது. நம் கல்லூரிகளில் அப்படி நிரப்ப வேறெதுவும் இல்லாதபோது ப்ராஜெக்டையும் விலைக்கு வாங்கிவிட்டால் மிச்சம் என்ன?

விண்ணப்பம் போடும் முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இந்த வருடம் போகட்டும், ஆலையிலோ பட்டறையிலோ ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். சோளிங்கர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் ஆலை நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு எம்.இ. மாணவர் கடிதத்தோடு வந்து நின்றால் திருப்பி அனுப்பாதீர்கள். பேனல் அறையில் அவர் நிற்க ஒரு இடமும், ஒரு மாத மீட்டர் பதிவும் கொடுங்கள்.